கேபிள் இல்லாமல் கார் திரையில் மேப் வரவில்லை

காரைக்குடி வாசகன்:
போனில் கேபிளைச் செருகினால், போனின் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்ட் ஆட்டோ உடனே வருகிறது, உருவினால் போய்விடுகிறது. புளூடூத்தில் பாட்டும் அழைப்பும் வருகின்றன, மேப் மட்டும் இல்லை. கியர் அருகே தொங்கும் கேபிளில் ஆயாவின் முறுக்குத் தூக்கு சிக்கி, பிளக் ஆடிவிடுகிறது. வேறு வழி உண்டா?

கானாடுகாத்தான்:
அண்ணே, புளூடூத் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. படத்தைச் சுமப்பது வைஃபை. போனில் ஆண்ட்ராய்ட் 11 அல்லது அதற்கு மேல், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருந்தால் போன்மேல் பழியில்லை. காரின் திரை கேபிளை மட்டுமே ஏற்கும் வகையாக இருக்கலாம். கையேட்டைப் பாருங்கள், ஷோரூமில் கேட்டால் எல்லாம் வரும் என்றுதான் சொல்வார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
என் காரும் அப்படித்தான். யூஎஸ்பி துளையில் சிறிய வயர்லெஸ் அடாப்டரைச் செருகிவிட்டேன். கேபிளில் போன் இணைந்திருப்பதாகவே கார் நம்புகிறது! சார்ஜுக்கு மட்டுமான துளையில் போடாதீர்கள், வேலை செய்யாது. வண்டியை எடுத்ததும் திரை வராது; தெருமுனை திரும்புவதற்குள் வந்துவிடும். போன் சூடாகும், சார்ஜும் இறங்கும். சித்திரை வெயிலில் டாஷ்போர்டின்மேல் வைக்காமல், ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

காரைக்குடி வாசகன்:
கையேட்டில் கேபிள் மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆச்சி, பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது என் மனைவியின் போனும் உடன் வரும். எது இணையும்?

தேவகோட்டை ஆச்சி:
பெரும்பாலும் கடைசியாக இணைந்ததைத்தான் தேடும். மற்றதில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள், தம்பி.