சர்க்கரை என்று முதலில் எப்படித் தெரிந்தது? நம்ம பக்கத்து அனுபவங்கள்

பாம்பனிலிருந்து:
சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குகிற வேலை, உங்களுக்கே தெரியும். போன கோடையில் கரையேறி உட்கார்ந்தபோது காலடி மணலெல்லாம் ரத்தம். பாறை கிழித்து உள்ளங்கால் சதை பிளந்து நிற்கிறது, உள்ளே மணல். "சித்தி, கால் வலிக்கலையா?" என்றேன். "எந்தக் கால்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பாதம் எரியுது, மரத்துப்போகுது என்று முன்பே சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணியில் ஊறுகிற கால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குத்திப் பார்த்தால் 300-க்கு மேல்.

தொண்டியிலிருந்து:
எங்கள் அண்ணனுக்குத் தாகம்தான். தண்ணீர் கேனை ராத்திரியிலேயே காலி பண்ணுகிறார் என்று படகில் சண்டை வந்துவிட்டது. அடிக்கடி எழுந்து ஒண்ணுக்குப் போனாராம். நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தோளில் தொங்கியது. வெயில் என்று நினைத்தோம். ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து அப்பாதான் கண்டுபிடித்தார். எறும்பு வராவிட்டால் பயப்பட வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து:
தொண்டிக்காரர் கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்ளவே முடியாது. ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். வெறும் வயிற்றில் 126 என்றாலே நோய், 100-லிருந்து 125 வரை எல்லைக்கோடு. எறும்புக்குக் காத்திருந்தால் அதற்குள் எவ்வளவோ கெட்டுவிடும்.

என் மகளுக்கு எறும்பும் இல்லை, தாகமும் இல்லை. பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்துப்போனது. கல்யாண வீட்டில் ஒரு மாமி எல்லோர் முன்னாலும் "அழுக்கைத் தேய்ச்சுக் குளிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை கடலைமாவு போட்டுத் தேய்த்தே தோலைப் புண்ணாக்கிக்கொண்டாள். அது அழுக்கே இல்லை, இன்சுலின் உடம்பில் சரியாக எடுபடாததன் அடையாளம் என்றார் டாக்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சொல்லும் HbA1c பரிசோதனையில் 6.1 சதவீதம். 6.5 வந்தால் நோய், அதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம்.

அப்புறம், கருப்பட்டிதானே என்று தொதல் இனிப்பை அள்ளி வைக்காதீர்கள், அதுவும் சர்க்கரைதான். 30 வயது தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் டீகூடக் குடிக்கக் கூடாது. அம்மா அப்பாவுக்கு இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:
30 வயதுக் கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. என் தம்பி மகன் இரண்டாம் வகுப்பு. படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்டவன் திரும்ப நனைத்தான். பயந்திருப்பான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரே வாரத்தில் எலும்பு தெரிந்தது. வாந்தி, வயிற்றுவலி என்று துவண்டவனைத் தோளில் போட்டபோது மூச்சில் பழம் அழுகின வாடை. ராமநாதபுரம் கொண்டுபோய் இன்சுலின் ஏற்றித்தான் பிழைக்கவைத்தோம். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இப்போது நன்றாக இருக்கிறான், தினமும் ஊசி. மதியம் ஊசி போட்டுக்கொள்ள இடம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் தயங்குகிறார்கள். யாராவது பிள்ளைக்கு இப்படி ஏற்பாடு பண்ணியிருந்தால், யாரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள்.