சீன மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் ஏன் இத்தனை ‘மஸ்ட்’?

கேள்வி:
வூஹானில் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லித் தருகிறேன். உணவகங்களில் புகைபிடிப்பதை அடியோடு தடை செய்யலாமா என்று எழுதச் சொன்னால், பாதித் தாள்கள் ‘ஆஸ் இஸ் நோன் டு ஆல்’ என்றே தொடங்குகின்றன. பிறகு வரிக்கு வரி ‘வீ மஸ்ட்’, ‘வீ ஷுட்’. ‘இன் மை ஒப்பீனியன்’ கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டும். நேரில் பேசும்போது இதே பிள்ளைகள் எதையும் அடித்துச் சொல்வதில்லை. காகிதத்தில் மட்டும் ஏன் இந்த அதட்டல்?

பதில் 1:
பண்பாடுதான் காரணம். பழைய அரசுத் தேர்வுகளில் எட்டுப் பகுதிகளாக அமைத்து எழுதும் ‘எட்டுக்கால் கட்டுரை’ எழுதிப் பழகிய நாடு அது. கிழக்காசியர்கள் சுழல்போலச் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவார்கள் என்று அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் காப்லான் 1966இலேயே படம் போட்டுக் காட்டிவிட்டார்.

பதில் 2:
எனக்கு இதில் உடன்பாடில்லை. கேட்டவரின் குறையே வேறு: தொடக்கத்திலிருந்தே அடித்துச் சொல்கிறார்கள் என்கிறார். சுழல் எங்கே இருக்கிறது? எட்டுக்கால் கட்டுரைக்கு இடம் தந்த அரசுத் தேர்வு முறையோ 1905இல் ஒழிந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா எழுதிய பரீட்சையை இன்றைய பிள்ளையின் தலையில் கட்டுவானேன்?

செங்டுவில் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தவன் நான். 1987 முதல் நடக்கும் தேர்வு அது. கட்டுரைக்கு 30 நிமிடம், 120 முதல் 180 சொற்கள். திருத்துபவர் தாள் தரும் மொத்த மனப்பதிவை வைத்து 14, 11, 8, 5, 2 என்ற மதிப்பெண் படிகளில் ஒன்றில் நிறுத்துவார். இதற்கென்றே ஆயத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள், ‘மூபான்’ என்பார்கள். கெட்டிக்கார மாணவியின் தாளிலும் மூபானை உருவிவிட்டால் பாதிதான் மிஞ்சும். தயங்கி எழுதினால் கருத்தில் தெளிவில்லை என்று ஒரு படி இறங்கிவிடுமோ என்ற பயம் வேறு. பள்ளியில் சீனத்தில் எழுதும் ‘யீலுன்வென்’ என்ற வாதக் கட்டுரையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறது: கருத்தை முதலில் ஐயமின்றிச் சொல், சான்று கொடு, முடிவில் எல்லோரையும் அறைகூவி அழை. உங்கள் ‘வீ’ அங்கிருந்துதான் வருகிறது என்பேன்.

மொழி ஆய்வாளர்கள் ஹைலண்டும் மில்டனும் 1997இல் ஹாங்காங் மாணவர்களின் கட்டுரைகளைப் பிரிட்டிஷ் மாணவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். ஹாங்காங் தாள்களில் உறுதி கூடுதல். உறுதியின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்லும் சொற்களின் வகை குறைவு. என் வகுப்பிலும் அதே கதைதான். ‘மேபீ’, ‘ஐ திங்க்’ தாண்டிக் கை போகாது. ‘பெரும்பாலும் அப்படி நடக்கும்’ என்ற பொருளில் வரும் ‘டெண்ட் டு’ என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எழுத ஒருவரும் துணிய மாட்டார்கள்.

கேட்டவர்:
அப்படியானால் ‘மஸ்ட்’ வருகிற இடத்திலெல்லாம் ‘மே’ போடச் சொல்லிவிடலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். ஒரு முறை அப்படிச் சொன்ன சக ஆசிரியருக்குக் கிடைத்தது ‘ஸ்மோக்கிங் மே பி பேட் ஃபார் ஹெல்த்’. ஐயமே இல்லாத இடத்தில் ஐயத்தைத் தூவிவிட்டார்கள். ‘மஸ்ட்’ இருந்த இடத்தில் ‘மஸ்ட்’ அப்படியே இருந்தது! வாதத்தின் எல்லையைச் சுருக்கச் சொல்லுங்கள். எந்த உணவகம்? தெருவோரம் மேசை போட்டிருக்கும் கடையிலுமா? தனி அறையிலுமா? இப்படிக் கேட்டதும் என் மாணவன் ஒருவன், குழந்தைகள் வருகிற இடத்தில் மட்டும் தடை போதும் என்று எழுதினான். அந்த வரியில் ‘ப்ராபப்ளி’ தானாக வந்து உட்கார்ந்தது.

பதில் 3:
நானும் இதைச் செய்து பார்த்தேன், பலன் உண்டு. ஆனால் நான்காம் நிலைத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் ஆரம்பிக்காதீர்கள். மூபானைத் தவிர எதையும் காதில் வாங்க மாட்டார்கள்.