கிருபை இலவசம் என்றால் கீழ்ப்படிதலுக்கு என்ன இடம்?

கேள்வி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து உபாகமம் 28:13ஐ முழுவதுமாக வாசித்தபோது, கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடந்தால் என்ற நிபந்தனை அந்த வரிக்கு முன்னால் நிற்பதையும், அட்டையில் அந்தப் பகுதி விடப்பட்டிருப்பதையும் கண்டேன். அடுத்த வாரமே வீட்டு ஜெபத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், வேலை இழந்திருக்கும் என் அக்காவிடம், தசமபாகத்தில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதில், குறைவு வைத்ததால்தான் ஆசீர்வாதம் தடைபட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அட்டையில் நிபந்தனையே இல்லை. ஊழியரிடம் நிபந்தனையைத் தவிர வேறெதுவும் இல்லை. தேவனுடைய இலவச தயவாகிய கிருபையினால் வரும் இரட்சிப்பு, கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல என்று பவுல் எழுதிய எபேசியர் 2:9 சொல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறது. இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது?

பதில் 1

சகோதரரே, எது முந்தியது, எது பிந்தியது என்று பார்த்தால் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20இல் வருகின்றன; ஆனால் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டது 12ஆம் அதிகாரத்தில். அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினவர் நானே என்று சொன்ன பிறகுதான் தேவன் முதல் கட்டளையைக் கொடுக்கிறார். கட்டளைகளைக் கைக்கொண்டதற்குக் கூலியாக விடுதலை வரவில்லை. விடுதலை பெற்ற ஜனம் எப்படி வாழவேண்டும் என்பதற்காகவே கட்டளைகள் வந்தன. உபாகமத்திலேயே, 28ஆம் அதிகாரத்துக்கு வெகு முன்பாக, 9ஆம் அதிகாரத்தில், இந்தத் தேசத்தை உன் நீதியினிமித்தம் கர்த்தர் உனக்குக் கொடுக்கவில்லை என்று மோசே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த வசனத்தை அட்டையில் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே சாட்சியாக அழைக்கிறார்கள் என்றாலும், அவருடைய வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களைச் சுட்டுகிறார்கள். ரோமர் 4இல் பவுல் எடுத்துக்கொள்வது, இஸ்மவேல் பிறப்பதற்கு முந்திய ஆதியாகமம் 15ஐ. இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு வயது 86, விருத்தசேதனம் நடக்கும்போது 99. ஆகவே அவருடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்கு முன்பு. விருத்தசேதனம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்றவர்களுக்குப் பவுல் தரும் மறுப்பின் பலம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. யாக்கோபோ ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்துக்குப் போய், ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் செலுத்தியபோது அந்த விசுவாசம் கிரியைகளினாலே பூரணப்பட்டது என்கிறார். அவருக்கு எதிரே நின்றவர்கள் வேறு ஆட்கள்: வஸ்திரமில்லாத, ஆகாரமில்லாத சகோதரனிடம், "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறவர்கள். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதியது, அவர்மேல் எனக்குள்ள மதிப்பையும் மீறிச் சொல்கிறேன், அவசரத்தீர்ப்பு.

பதில் 2

நான் கத்தோலிக்கன், நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கிறவர்கள் என்று எங்களைப் பலர் நினைப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1547இல் எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வே, கடவுளுக்கு ஏற்புடையவராக (உங்கள் மொழியில், நீதிமானாக) ஆக்கப்படுவதற்கு முன் நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையோ செயல்களோ அந்த அருளுக்கு நம்மைத் தகுதியாக்குவதில்லை என்று அறிவித்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுகுறித்து ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே மனமுவந்து செய்யும் கனமான பாவத்தால், அந்த அருளை இழக்க முடியும் என்று நாங்கள் கற்பிக்கிறோம். அதை ஏற்காத சபையினர் இங்கே பலர் இருப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்

முதல் பதிலில் ஓர் ஐயம். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில், சங்காரத்துக்குத் தப்பும்படி, பஸ்கா ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வீட்டு நிலைக்கால்களில் பூசச் சொன்னதும் கட்டளைதானே? அப்படியானால் விடுதலைக்கு முன்பே கீழ்ப்படிதல் வந்துவிடுகிறது.

பதில் 1 எழுதியவர்

நல்ல கேள்வி. பூசியது கீழ்ப்படிதல்தான், மறுக்கவில்லை. ஆனால் யாத்திராகமம் 12:13, இரத்தத்தைக் கண்டு உங்களைக் கடந்துபோவேன் என்கிறது. பூசினவன் எவ்வளவு நேர்த்தியாகப் பூசினான், அந்த வீட்டார் எத்தனை நல்லவர்கள் என்ற கணக்கு அங்கே எடுக்கப்படவில்லை. பசித்தவன் கை நீட்டிச் சோற்றை வாங்கிக்கொள்வதனால் அது அவன் உழைத்துச் சம்பாதித்த சோறு ஆகிவிடாது.

பதில் 3

சபை மேய்ப்பனாக இரண்டு பக்கத்துச் சேதத்தையும் பார்த்தவன் நான். கிருபை, கிருபை என்று சொல்லிக்கொண்டே வரதட்சணையைப் பேரம் பேசி வாங்குகிற குடும்பங்கள் விசுவாசிகளிடையே உண்டு. லூத்தரன் மேய்ப்பரான டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று கண்டித்தது, மனந்திரும்புதலைக் கேட்காத இந்த மன்னிப்பைத்தான். தேவகிருபை அவபக்தியை வெறுத்து வாழும்படி நமக்குப் போதிக்கிறது என்று தீத்து 2:12 சொல்லும்போது, கிருபை மன்னிப்பதோடு நின்றுவிடாமல் நம்மைப் பழக்குவிக்கவும் செய்கிறது என்றாகிறது. பவுலும், மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விடத் தாம் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாக எழுதிவிட்டு, அதே மூச்சில், அப்படிச் செய்தது தாம் அல்ல, தம்முடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார் (1 கொரிந்தியர் 15:10). அந்த உழைப்பில் எவ்வளவு பவுலுடையது, எவ்வளவு கிருபையுடையது என்று பங்கு பிரிக்க என்னால் முடியவில்லை, பவுலும் பிரிக்கவில்லை.

உங்கள் சகோதரியின் காரியம் வேறு. உபாகமம் 28இல் ஆசீர்வாதங்கள் 14ஆம் வசனத்தோடு முடிந்து, 15 முதல் 68 வரை சாபங்களே நீள்கின்றன. அந்த அதிகாரத்தைத் தனி மனிதரின் வேலைக்கும் சம்பளத்துக்கும் அளவுகோலாக்குகிறவர், கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்ற கலாத்தியர் 3:13ஐ மறந்துவிடுகிறார். பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரத்தைச் சகோதரியோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்த ஊழியர் மறுபடியும் வந்து தசமபாகத்தைப் பற்றிப் பேசினால், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று சொல்லும் 2 கொரிந்தியர் 9:7ஐ எடுத்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.