கவிதா காலில் உண்ணி: ‘ஆயர் ஈத்தாம் குடும்பம்’ குழு (மலேசியா)

ஞாயிறு, காலை 8:05

கவிதா: அம்மா முழிச்சாச்சா? இங்க அமெரிக்காவுல, கனெடிகட்ல சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. சாயங்காலம் ஃபிரெண்ட்ஸோட காட்டுப் பாதையில நடந்துட்டு வந்தேன். குளிக்கும்போது பார்த்தா முழங்காலுக்குப் பின்னாடி புதுசா ஒரு மச்சம். கிட்டப் பார்த்தா அந்த மச்சத்துக்குக் கால் இருக்கு.

கவிதா: (படம்)

மல்லிகா: ஐயோ என்னாடி இது. ஒரு கரும்புள்ளிதான் தெரியுது

கோவிந்த் மாமா (பட்டர்வொர்த்): உண்ணிலா. நம்ம நாய் டைகர் காதுல தொங்குமே, அதே சாமான்தான். இது குட்டி.

மல்லிகா: கோடாலித் தைலம் கொண்டு போனியே, அதைத் தடவு. தானா விழுந்துடும்

பெரியப்பா (கூலிம்): தோட்டத்துல நாங்க சுருட்டு நெருப்பைக் கிட்டக் காட்டுவோம். உடனே விட்டுடும்.

மல்லிகா: அத்தான், புள்ளை கால்ல நெருப்பு வைக்கச் சொல்றீங்களா?

சரவணன் அண்ணன் (கெப்போங்): தைலமும் வேணாம், நெருப்பும் வேணாம். அதுக்கு எரிச்சல் காட்டினா வயித்துல இருக்கிறதைக் கடிவாய்க்குள்ளயே கக்கிடலாம். அதுவா விழட்டும்னு காத்திருந்தா நேரமும் போகும். கவி, கூர் முனை இடுக்கி இருக்கா? புருவம் எடுக்கிறது இருந்தாலும் போதும். தோலை ஒட்டி, தலைகிட்டப் பிடி. வயித்தை நசுக்காதே. திருகாம நேரா மேல இழு.

கவிதா: சரி இருங்க

மல்லிகா: கவிதா?

மல்லிகா: எடுத்தியா இல்லியா

கவிதா: வந்துடுச்சும்மா. கசகசா சைஸ்தான். சோப்பு போட்டுக் கழுவிட்டேன். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு வச்சிருக்கேன்.

சரவணன் அண்ணன்: வயிறு தட்டையா இருக்கா, ரத்தம் குடிச்சு உப்பியிருக்கா?

கவிதா: தட்டை. நடக்கப் போனதே மதியம் ரெண்டு மணிக்குத்தான். நேத்தெல்லாம் லைப்ரரியை விட்டு வெளிய வரல.

சரவணன் அண்ணன்: அப்போ நல்ல நேரம்தான் உனக்கு.

காலை 8:31

கோவிந்த் மாமா: (பலமுறை அனுப்பப்பட்ட செய்தி) *அவசரம்!! மான் இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு லைம் நோய் வந்து கை கால் முடங்கும். ஒருவர் தும்மினால் வீட்டில் எல்லோருக்கும் பரவும். மருந்தே கிடையாது. 10 பேருக்கு அனுப்பவும்*

தேவி அத்தை: கோவிந்து, காலங்காத்தாலேயே ஆரம்பிச்சிட்டியா

கோவிந்த் மாமா: வந்ததை அனுப்பினேன் அண்ணி

சரவணன் அண்ணன்: மாமா, இதுல நோயோட பேரு ஒண்ணுதான் சரி. லைம் உண்ணி கடிச்சு வர்ற கிருமி நோய். தும்மினா பரவாது, தொட்டாலும் பரவாது. கறி சாப்பிட்டு வந்ததாவும் யாரும் காட்டினதில்ல. மருந்து இருக்கு, சாதாரண மாத்திரைதான்.

மல்லிகா: அப்போ மானுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா? அதை மான் உண்ணின்னுதானே சொல்றாங்க

சரவணன் அண்ணன்: இருக்கு சித்தி, ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்ல. மான் உடம்புல அந்தக் கிருமி தங்காது, மானைக் கடிச்சு எந்த உண்ணிக்கும் கிருமி ஒட்டாது. மான் அதுங்களுக்குக் கல்யாண மண்டபம். வளர்ந்த ஆணும் பெண்ணும் அங்கதான் சேரும், பெண் உண்ணி வயிறு முட்டக் குடிச்சிட்டுக் கீழ விழுந்து முட்டை போடும். மான் கூடினா உண்ணி கூடும், அவ்ளோதான். கிருமியைக் கொடுக்கிறது எலி. அந்தப் பக்கத்துக் காட்டுல வெள்ளைக் கால் எலின்னு ஒண்ணு இருக்கு. அதோட ரத்தத்துல கிருமி இருக்கும், ஆனா எலிக்கு ஒண்ணும் பண்ணாது.

சரவணன் அண்ணன்: முட்டையிலேர்ந்து வர்ற குஞ்சு சுத்தமா இருக்கும். முதல் சாப்பாட்டுக்கு எலியைக் கடிச்சா கிருமியை வாங்கிக்கும். அப்புறம் தோல் உரிச்சு ரெண்டாவது பருவத்துக்கு வரும். கவி காலைப் பிடிச்சது அந்தப் பருவம்தான். ஆபத்தே அதுலதான், ரொம்பப் பொடிசு, கடிச்சா வலிக்காது. மே, ஜூன், ஜூலையில அதுங்க சாப்பாடு தேடும். நாமளும் கோடைன்னு அரை டவுசர் போட்டு வெளிய கிளம்புவோம்.

பெரியப்பா: மரத்துலேர்ந்து மேல குதிக்குமா?

சரவணன் அண்ணன்: குதிக்காதுப்பா, பறக்கவும் தெரியாது. புல் நுனியில, காஞ்ச இலைமேல பின்கால்ல பிடிச்சுக்கிட்டு முன்காலை நீட்டிக் காத்திருக்கும். நாம மூச்சு விடுற காத்தும் உடம்புச் சூடும் அதுக்குத் தெரியும். உரசினதும் துணியில தொத்தி மெதுவா மேல ஏறும். அதான் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம்னு பார்க்கச் சொல்றது.

கவிதா: அண்ணா, என் ரூம்மேட் அஞ்சு நிமிஷம் கடிச்சாலே போதும்னு பயமுறுத்துறா

சரவணன் அண்ணன்: லைமுக்கு அப்படி இல்ல. கிருமி உண்ணியோட குடல்ல சும்மா கிடக்கும். சூடான ரத்தம் உள்ள போன பிறகுதான் அது எழுந்து மேல் சட்டையை மாத்திக்கிட்டு, பெருகி, எச்சில் சுரப்பிக்கு நடக்கும். அதுக்குப் பொதுவா ஒரு நாளுக்கு மேல ஆகும். உனக்கு ஏழு மணி நேரம்கூட ஆகல. ஆனா உன் ரூம்மேட் சொல்றதும் முழுப் பொய்யில்ல. அதே உண்ணியில பொவாசன்னு ஒரு வைரஸ் இருக்கு, அது கால் மணி நேரத்துல ஏறிடும். ரொம்ப அபூர்வம்.

மல்லிகா: இதை என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி

காலை 8:58

தேவி அத்தை: கவி, 30 நாளைக்குக் கடிச்ச இடத்தைப் பாரு. சிவப்பா ஒரு வட்டம் மெல்ல மெல்ல அகலமாகும். எல்லாருக்கும் குறி பார்க்கிற பலகை மாதிரி நடுவுல வெளுத்து வராது, வெறும் சிவப்பாவும் இருக்கலாம். சிலருக்கு வட்டமே வராது. அதனால காய்ச்சல், மூட்டு வலி, முகத்துல ஒரு பக்கம் இழுக்கிறது, எது வந்தாலும் டாக்டரைப் பாரு. கடிச்ச நாளும் இடமும் எழுதி வச்சுக்கோ.

கவிதா: நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடவா அத்தை?

தேவி அத்தை: பிரயோசனமில்ல. டெஸ்ட் பார்க்கிறது உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருளை. அது வர சில வாரம் ஆகும். நாளைக்கு இல்லைன்னுதான் காட்டும், நீயும் நிம்மதியா இருந்துடுவ. முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருந்தா, எடுத்த 72 மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பாங்க. உனக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். இருந்தாலும் யூனிவர்சிட்டி நர்ஸ் மிஸ்ஸிகிட்ட அந்தப் பையைக் காட்டு.

கவிதா: லைம்ங்கிறது இங்க பக்கத்துல ஒரு ஊரு தெரியுமா? ஒரு மணி நேரத்துல போயிடலாம். 1975ல அங்க நிறைய பிள்ளைங்களுக்கு மூட்டு வீங்கியிருக்கு. ரெண்டு அம்மாங்க விடாம அதிகாரிங்களுக்குப் போன் போட்டுத்தான் விசாரணையே வந்துச்சாம். வில்லி பர்க்டார்ஃபர்னு ஒரு விஞ்ஞானி கிருமியைக் கண்டுபிடிச்சது 1981லதான்.

மல்லிகா: பார்த்தியா, அம்மா தொணதொணக்கிறதுலயும் பலன் இருக்கு. உடுத்தின துணியை என்ன பண்ண?

சரவணன் அண்ணன்: பச்சைத் தண்ணியில துவைச்சா சாகாது. முதல்ல டிரையர்ல நல்ல சூட்டுல பத்து நிமிஷம் ஓட விடு, காஞ்சு செத்துடும். அடுத்த தடவை நீளக் கால்சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள்ள சொருகிக்கோ.

காலை 9:20

மல்லிகா: நம்ம பினாங்கு மலைக்கும் ஜனங்க நடக்கப் போறாங்களே, இங்கயும் வருமா?

சரவணன் அண்ணன்: லைம் நம்ம ஊர் வியாதி இல்ல சித்தி. ஆனா நம்ம காட்டுலயும் உண்ணி இருக்கு. 1956ல உலு லாங்காட் பக்கம் உண்ணியிலேர்ந்து ஒரு வைரஸைப் பிரிச்சாங்க, அதுக்கு லாங்காட் வைரஸ்னே பேரு. மனுஷனுக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணினதில்ல. நம்ம பக்கம் கவனிக்க வேண்டியது உண்ணியை விடச் சின்ன பூச்சி, கண்ணுக்கே சரியாத் தெரியாது.

பெரியப்பா: புதர்க் காய்ச்சலைச் சொல்றியா? எங்க அப்பா காலத்துல தோட்டத்துல அதுக்கு ரொம்பப் பயம். லாலாங் புல் வெட்டப் போனவங்க பத்து நாள் கழிச்சு அனல் காய்ச்சல்ல படுத்துடுவாங்க. சாமி குத்தம்னு பூசை போட்டவங்களும் உண்டு.

தேவி அத்தை: அதேதான் அண்ணே. கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல ஒளிஞ்சிருக்கும், துணியை விலக்கிப் பார்த்தாத்தான் தெரியும். டெங்கின்னே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு மருந்து கண்டதுலயும் நம்ம ஊருக்குப் பங்கு இருக்கு. 1948ல கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட சேர்ந்து அமெரிக்க டாக்டருங்க குளோரம்ஃபெனிக்காலை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அதுவரைக்கும் பிழைச்சவன் பிழைச்சான்னுதான். இப்போ டாக்சிசைக்ளினே கேக்கும்.

சரவணன் அண்ணன்: அதுல எலியைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பூச்சி தாய்கிட்டேர்ந்தே கிருமியை வாங்கிக்கும், முட்டை வழியா. லைம் உண்ணிக்கு நேர் எதிர்.

கோவிந்த் மாமா: ஆட்டுக்கறி சாப்பிட முடியாமப் போற உண்ணி ஒண்ணு இருக்காமே? இதையும் புரளின்னுதானே சொல்லப் போற

சரவணன் அண்ணன்: அது உண்மை மாமா 😂 அமெரிக்காவுல, முதுகுல ஒரு வெள்ளைப் புள்ளியோட இருக்கும். அது கடிச்ச சிலருக்கு ஆடு, மாடு, பன்றிக் கறி ஒத்துக்காமப் போயிடும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழிச்சு நடுராத்திரியில தடிப்பும் மூச்சுத் திணறலும் வரும். கோழி, மீன் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.

கோவிந்த் மாமா: ஆட்டுக்கறிப் பெரட்டல் இல்லாத வாழ்க்கையா. கவிதா, அந்தப் புள்ளி இருக்கான்னு பாரும்மா

கவிதா: இல்ல மாமா. ஆனா புள்ளி வளர்ந்த பெண் உண்ணிக்கு மட்டும்தானாம், இப்பத்தான் படிச்சேன். மிஸ்ஸி பார்த்துச் சொல்லட்டும். தூங்கப் போறேன்.

கோவிந்த் மாமா: நல்லாத் தூங்கு. டைகரும் ரெண்டு நாளா தூக்கம்தான். சோத்தைத் தொடல. காலையில மூக்குல லேசா ரத்தம், எங்கயோ முட்டிக்கிட்டான் போல.

சரவணன் அண்ணன்: மாமா என்ன சொல்றீங்க

சரவணன் அண்ணன்: ஈறு வெளுத்திருக்கா? வயித்துத் தோல்ல சிவப்புப் புள்ளி இருக்கா?

கோவிந்த் மாமா: பார்க்கல. இரு

கோவிந்த் மாமா: ஈறு வெள்ளையாத்தான் இருக்கு. வயித்துல கொசு கடிச்ச மாதிரி இருக்கு.

சரவணன் அண்ணன்: கொசு இல்ல. எர்லிக்கியான்னு நாய் உண்ணி கொண்டு வர்ற காய்ச்சலா இருக்கலாம், பிளேட்லெட் இறங்கினா இப்படித்தான் ரத்தம் கசியும். நாளைக்குன்னு தள்ளாதீங்க. என்கூடப் படிச்சவன் பட்டர்வொர்த்ல கிளினிக் வச்சிருக்கான், ஞாயித்துக்கிழமை ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும். நம்பர் தனியா அனுப்புறேன். வலிக்குதுன்னு நம்ம மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க.

மதியம் 12:47

கோவிந்த் மாமா: ரத்தம் எடுத்தாச்சு. நீ சொன்னதேதான். பிளேட்லெட் ரொம்பக் கம்மி. ஊசி போட்டு, டாக்சிசைக்ளின் 28 நாளைக்குக் கொடுத்திருக்காங்க. 310 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு.

தேவி அத்தை: மனுஷனுக்கும் நாய்க்கும் ஒரே மாத்திரையா

சரவணன் அண்ணன்: ஆமா அத்தை. மாமா, ரெண்டு நாள்ல எழுந்து ஓடுவான், அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க. உண்ணியை விரல்ல நசுக்கவும் வேணாம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதுவும் நாய்மேல இல்ல, சுவர் வெடிப்புல. கூண்டு, பின்வாசல் சுவர், கூரை ஓரம் எல்லாம் மருந்து அடிக்கணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடியும். மாசாமாசம் கொடுக்கிற உண்ணி மாத்திரையைப் பத்தி அவன்கிட்டயே கேளுங்க.

மல்லிகா: மருந்து அடிக்கிற அன்னிக்கு டைகரை இங்க கொண்டாந்து விடாத கோவிந்து, சொல்லிட்டேன்

கோவிந்த் மாமா: அக்கா, கார்ல ஏத்திட்டேன். உன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.