ரஸ்ட் புரோகிராமிங் மொழிக்கு மாறச் சொல்றாங்க, கோ மொழி போதாதா?

கீழக்கரை பையன்:
வீட்ல இருந்தே வேலை பாக்குறேன், ஆபீஸ் சென்னைல. இறால் ஏத்துமதி பண்றவங்களுக்கு ஸ்டாக், பில்லிங் சர்வீஸ் கோ-ல எழுதி நல்லாத்தான் ஓடுது, புதுசா வந்த டீம் லீட் எல்லாத்தையும் ரஸ்ட்ல மாத்துங்கறாரு. பழைய லேப்டாப்ல ரஸ்ட் பில்ட் (கோட ஓடுற புரோகிராமா மாத்துறது) போட்டா ஃபேன் கத்துது, நடுவுல கரண்ட் போனா கேக்கவே வேணாம். ஏன் இவ்ளோ மெதுவு?

பாம்பன் காத்து:
தம்பி, ஒரு ஜெனரிக் ஃபங்ஷன (பல டேட்டா டைப்புக்கும் பொதுவா எழுதுறது) எத்தனை டைப்போட கூப்பிடுறியோ அத்தனைக்கும் ரஸ்ட் கம்பைலர் தனித்தனி காப்பி உருவாக்கி, மெஷின் கோடு ஆக்குற எல்எல்விஎம் கிட்ட குடுக்குது, ஓடுறப்ப வேகம் கிடைக்கும், அதுக்கு நீ இப்ப காத்துக் கெடக்கணும். கோ ஆளுங்க நேரெதிர், 2012ல 1.0 விட்டவங்க ஜெனரிக்ஸ 2022ல 1.18ல தான் சேத்தாங்க, மொழி சிம்பிளா இருக்கணும்னு அவ்ளோ பிடிவாதம். எழுதுறப்ப ரஸ்ட்டோட பில்ட் டூல் கார்கோல, கார்கோ பில்ட் வேணாம், கார்கோ செக் போடு. மெஷின் கோடு உருவாக்காம பிழைய மட்டும் பாக்கும்.

தொண்டிக்காரன்:
பில்லிங் சர்வீஸ் பாதி நேரம் டேட்டாபேஸுக்குத் தான் காத்து நிக்கும், அதுல கோ-வோட கார்பேஜ் கலெக்டர (வேண்டாத மெமரிய தானா விடுவிக்கிறது) எடுத்து என்னத்த மிச்சம் பிடிக்கப் போறாரு? லீட்டோட ரெஸ்யூமேக்கு ரஸ்ட் வேணும் போல 😄

மண்டபம் 623518:
அப்டி ஒரேடியா சொல்லாதீங்க காக்கா. ரெண்டு கோரூட்டீன் (கோ-ல ஒரே நேரத்துல ஓடுற வேலைங்க) ஒரே மேப்ல (கீ-வேல்யூ டேபிள்) எழுதுனா கோ கம்பைலர் கண்டுக்காது, அந்த மோதல தேடுற ரேஸ் டிடெக்டரும் ஓடுன பாதைய மட்டும் தான் பிடிக்கும். ரஸ்ட்ல அது கம்பைலே ஆகாது. ஆனா ஓடுற பில்லிங்க மொத்தமா கலைக்கிறது வம்பு, ஒரு சின்ன சர்வீஸ மட்டும் மாத்திக் காட்டுறேன்னு லீட்கிட்ட கேளு.

கீழக்கரை பையன்:
செக் சட்டுனு முடியுது காக்கா. லேபிள் பிரின்ட் சர்வீஸ மட்டும் மாத்துறேன்னு மெயில் போட்டுருக்கேன், பாப்போம்.