அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு: மக்கள் விரும்பியும் சட்டம் வராதது ஏன்?

மார்த்தாண்டம் ஆசிரியர் (கேள்வி):

எங்கள் பள்ளியில் மேல்நிலை மாணவர்களுக்கான பட்டிமன்றத்துக்கு இம்முறை ‘அமெரிக்காவுக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாடு தேவையா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அணிகளுக்கும் குறிப்புகள் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் வந்திருக்கிறது. ‘தேவை’ என்ற அணிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ‘தேவையில்லை’ அணியில் பேசப்போகும் மாணவி கேட்ட கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். “இவ்வளவுக்குப் பிறகும் கடுமையான சட்டம் வரவில்லை என்றால், அந்த நாட்டு மக்களுக்கே அது வேண்டாம் என்றுதானே சார் பொருள்?” என்று அவள் கேட்டாள்.

ஆனால் கருத்துக்கணிப்புகள் நேர்மாறாக இருக்கின்றன. துப்பாக்கி வாங்கும் எவரையும் பின்னணிச் சோதனைக்கு (குற்றப் பதிவு போன்றவை உண்டா என்று பார்ப்பதற்கு) உட்படுத்த வேண்டும் என்பதை, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உட்பட, பெரும்பாலான அமெரிக்கர்கள் ஆதரிக்கிறார்கள். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதை நம் மாவட்டம் இன்றும் மறக்கவில்லை. அமெரிக்காவிலோ நாளொன்றுக்குச் சராசரியாக 120 பேருக்கு மேல் துப்பாக்கியால் இறக்கிறார்கள். மக்கள் விரும்புவதற்கும் சட்டமாக வருவதற்கும் இடையில் அங்கே என்ன நிற்கிறது? சட்டம் தெரிந்தவர்களும் அங்கே வாழ்பவர்களும் விளக்கினால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தக்கலை வழக்கறிஞர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மாணவிக்கு முதலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையின் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். அங்கே மாநிலம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர்கள். வயோமிங் மாநிலத்தின் மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கும் குறைவு, அதாவது நம் குமரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் அதே இரண்டு இடங்கள்தான். துப்பாக்கியை அன்றாட வாழ்வின் பகுதியாகக் கருதும் கிராமப்புற மாநிலங்களுக்கு இதனால் மக்கள்தொகைக்கு மிஞ்சிய குரல் கிடைக்கிறது. அதோடு, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே பெரும்பாலான மசோதாக்களுக்கு நூறில் 60 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். சாண்டி ஹூக் சம்பவத்துக்குப் பின், 2013 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் மான்சினும் குடியரசுக் கட்சியின் டூமியும் சேர்ந்து கொண்டுவந்த பின்னணிச் சோதனைத் திருத்தத்துக்கு 54 பேர் ஆதரவாகவும் 46 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பெரும்பான்மை கிடைத்தும் அது தோற்றது. மாணவியின் கேள்விக்கு இந்த ஒரு வாக்கெடுப்பே பாதி விடை.

மீதிப் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது. 1791-இல் ஏற்கப்பட்ட, அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படையை (குடிமக்களே ஆயுதமேந்திச் சேரும் படையை) பற்றிப் பேசத் தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. அது தனிமனித உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது 2008-இல், ஹெல்லர் வழக்கில், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற அளவில். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியாவே இந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் அதில் குறிப்பிட்டார் என்பதை இரு அணிகளும் வசதியாக மறந்துவிடுவார்கள், நீங்கள் நினைவுபடுத்துங்கள். 2010-இல் மெக்டொனால்ட் வழக்கு, மாநில அரசுகளும் இந்த உரிமையை மீறக் கூடாது என்றது. 2022-இல் புரூவன் வழக்கு அதைவிடப் பெரிய திருப்பம். ஒரு கட்டுப்பாடு இன்றைய பொதுப் பாதுகாப்புக்குத் தேவையா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு இணையான கட்டுப்பாடு இருந்ததா என்று தேடும்படி கீழ் நீதிமன்றங்களுக்கு அது ஆணையிட்டது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டப் புத்தகத்தைப் புரட்டி இன்றைய துப்பாக்கிச் சட்டத்தை அளக்கும் இந்த முறை எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை, ஆனால் அங்கே இன்றைய சட்டம் அதுதான்.

நம் நாட்டை இதோடு ஒப்பிட விரும்பினால் ஒரு செய்தி. ஆங்கிலேயரின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் மீதிருந்த கசப்பால், 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகக் கேட்டது. அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை மீண்டும் எழுப்பினார், சபை ஏற்கவில்லை. இறுதியில் நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இடம்பெற்றது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. இங்கே துப்பாக்கி உரிமம் கேட்பவர்தான் தமக்கு அது ஏன் தேவை என்று காட்ட வேண்டும். அங்கே அதை மறுக்கும் அரசுதான் காரணம் காட்ட வேண்டும். விவாதம் முழுவதும் இந்தச் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதைச் சுற்றியே நடக்கிறது.

குளச்சல் வாசகர்:

இவ்வளவு நீளமாகப் போவானேன்? துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கம் பணத்தை அள்ளி வீசுகிறது, அரசியல்வாதிகள் வாய் மூடிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

தக்கலை வழக்கறிஞர்:

பணம் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. 1871-இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், 1977-ஆம் ஆண்டுக் கூட்டத்தில் தலைமை கைமாறிய பிறகே இன்று நாம் அறிந்த அரசியல் வடிவத்தை எடுத்தது. சமீப ஆண்டுகளில் உட்பூசலாலும் வழக்குகளாலும் அது நொடிந்திருக்கிறது; நிதியை முறைகேடாகச் செலவிட்டதற்காக அதன் நெடுநாள் தலைவர் பொறுப்பாளி என்று 2024-இல் நியூயார்க் ஜூரி தீர்ப்பளித்தது. சங்கம் நொடிந்தும் சட்டம் அசையவில்லையே! கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களுக்கு அது பத்துப் பிரச்சினைகளில் ஒன்று. எதிர்ப்பவர்களில் கணிசமானோருக்கோ அந்த ஒன்றை வைத்தே வாக்கு. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் இவர்கள் தவறாமல் வந்து நிற்பார்கள் என்பது ஒவ்வொரு செனட்டருக்கும் தெரியும்.

கருங்கல் – ஹூஸ்டன்:

நான் கருங்கல் பக்கத்தைச் சேர்ந்தவள், இப்போது ஹூஸ்டனில் செவிலியராக வேலை செய்கிறேன். வழக்கறிஞர் சார் சொன்ன சட்டக் கதை சரியானது. ஆனால் பட்டிமன்றத்தில் இரு அணிகளும் பள்ளிப் படுகொலைகளைப் பற்றி மட்டுமே பேசி முடித்துவிடுவார்கள் என்பது என் பயம். 2021-இல் இந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 20,958 பேர் கொலையுண்டவர்கள். செய்தியில் வரும் பெருந்திரள் துப்பாக்கிச் சூடுகளில் இறப்பவர்கள் இந்தத் தொகையில் மிகச் சிறு பங்கு. கொலைகளிலும் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. தொலைக்காட்சியில் காட்டப்படும் ராணுவ பாணி ரைபிளால் அல்ல. அந்த ரைபிள்களுக்கு 1994 முதல் 2004 வரை இருந்த தடையைத் திரும்பக் கொண்டுவருவதா என்பதிலேயே அரசியல் சண்டையெல்லாம் கழிகிறது. படுக்கையறை மேசை இழுப்பறையில் கிடக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை.

ஊரில் வேலை செய்த காலத்தில் எலி மருந்துப் பசையைத் தின்றுவிட்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததன் நியாயம் மருத்துவமனையில் வேலை செய்த எவருக்கும் விளங்கும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அந்தக் கொடிய நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல நேரங்களில் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்த நொடியைக் கடந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி இருக்கும் வீட்டில் அந்த நொடியைக் கடப்பது அரிது. ஆகவே கட்டுப்பாடு என்பது குற்றவாளியைத் தடுப்பதற்கு மட்டுமானது என்று உங்கள் மாணவர்கள் எண்ண வேண்டாம், சார்.

இங்கே அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பவர்களுக்காக: 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில், சட்டம் தடை செய்யாத 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுசெல்லலாம். கொண்டுவரக் கூடாது என்று விரும்பும் இடங்கள், 30.06, 30.07 என்ற சட்டப்பிரிவு எண்களோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் வாசலில் பலகை வைக்க வேண்டும். வந்த புதிதில் அந்தப் பலகையை மருத்துவமனை வாசலில் நின்று முழுவதும் வாசித்தேன். இப்போது ‘செருப்பை வெளியே விடவும்’ பலகையைப் போலக் கடந்து போகிறேன். மகளை விளையாட அனுப்பும் முன், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கும்படி குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். முதல்முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த வீட்டு அம்மா சிறிதும் முகம் சுளிக்காமல், அலமாரிக்குள் இருந்த எண்பூட்டுப் பெட்டகத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். 2020 முதல் இந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதற்காரணம் துப்பாக்கிதான், சாலை விபத்து அல்ல.

தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடியவர் என்று தெரிபவரிடமிருந்து நீதிமன்ற ஆணை மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம் சில மாநிலங்களில் இருக்கிறது. 2018-இல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த பிறகு, குடியரசுக் கட்சி ஆளும் புளோரிடாவே அதை இயற்றியது. டெக்சஸில் அது இல்லை.

கீரிப்பாறை விவசாயி:

கருங்கல் தங்கச்சி எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் ‘தேவையில்லை’ அணிக்காக இங்கே யாரும் வாய் திறக்கவில்லையே என்று எழுதுகிறேன். காட்டுப்பன்றி ஓர் இரவில் மரச்சீனி விளையை உழுதுவிட்டுப் போனால், காலையில் அந்த மண்ணைப் பார்க்கும் விவசாயிக்குத்தான் தெரியும் வயிற்றெரிச்சல். நாங்கள் சுடக் கூடாது, வனத்துறைக்கு மனு கொடுக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே ஆணையிடலாம். என் தகப்பனார் காலத்தில் எங்கள் வீட்டில் உரிமம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், தேர்தல் முடிந்ததும் போய் மீட்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் அலைச்சல் தாங்காமல் கடைசியில் அவரே அதைத் திரும்ப ஒப்படைத்துவிட்டார். மொன்டானாவில் பண்ணை வைத்திருப்பவனுக்கு ஓநாயும் கரடியும் வரும். போலீசு வர ஒரு மணி நேரம் ஆகும். அவனிடம் போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடு என்றால் கேட்பானா? அவனைக் கொலைகாரனின் கூட்டாளியாகப் பேசுவது நியாயம் அல்ல.

வக்கீல் சாரிடம் ஒரு கேள்வி. அங்கே மக்களிடம் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டது என்கிறார்கள். இனி சட்டம் போட்டு என்ன பயன்?

தக்கலை வழக்கறிஞர்:

எண்ணிக்கை உண்மைதான். சிறு ஆயுத ஆய்வு நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 39.3 கோடி, அதாவது நூறு பேருக்கு 120. இந்தியாவில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஐந்து. 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் ஆஸ்திரேலியா ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றதை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்காவில் அந்த வழி நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் பண்ணைக்காரரின் ரைபிளைப் பிடுங்குவது அங்கே நடக்கும் பெரும்பாலான முயற்சிகளின் நோக்கமே அல்ல. உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் சோதனை உண்டு, தனியாரிடம் வாங்கினால் கூட்டாட்சிச் சட்டப்படி சோதனை இல்லை. இந்த ஓட்டையை அடைப்பது பற்றித்தான் பேச்சு. கடையிலும் மூன்று வேலை நாட்களுக்குள் சோதனை முடியாவிட்டால் விற்பனையை நடத்தலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அப்படித்தான் துப்பாக்கி வாங்கினான்.

மார்த்தாண்டம் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. விவசாயி அண்ணாச்சியின் பதிவை அப்படியே அந்த மாணவியிடம் கொடுக்கப்போகிறேன். கடைசியாக ஒன்று: அண்மையில் எந்த மாற்றமுமே நடக்கவில்லை என்று மாணவர்கள் பேசினால் அது சரியாகுமா?

தக்கலை வழக்கறிஞர்:

சரியாகாது. யுவால்டி சம்பவத்துக்கு அடுத்த மாதமே, 2022 ஜூனில், இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். செனட்டில் 65 பேர் ஆதரவு, 33 பேர் எதிர்ப்பு. 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் சோதனை, முன்பு சொன்ன தற்காலிகப் பறிமுதல் சட்டங்களை நடத்தும் மாநிலங்களுக்கு நிதி உதவி ஆகியவை அதில் உண்டு. 2024-இல் உச்ச நீதிமன்றம் எதிரெதிர் திசைகளில் இரண்டு தீர்ப்புகளை ஒரே மாதத்தில் அளித்தது. குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்னும் சட்டத்தை ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று உறுதிசெய்தது. லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பின் வந்த, ரைபிளை வேகமாகச் சுடவைக்கும் துணைக்கருவிக்கான தடையைக் கார்கில் வழக்கில் ஆறுக்கு மூன்று என்று நீக்கியது. அதே ஆண்டில் மிச்சிகனில், 2021-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும், அவன் கைக்குத் துப்பாக்கி எட்டவிட்டதற்காக, 10 முதல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். ரஹிமி தீர்ப்பை ‘தேவை’ அணிக்கும் கார்கில் தீர்ப்பை ‘தேவையில்லை’ அணிக்கும் கொடுங்கள். மிச்சிகன் வழக்கை நடுவரிடம் விட்டுவிடுங்கள்.