இட்டரேட்டரை அரே ஆக்குவதற்கு என்ன சொல்?

திருச்சியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பிஎச்பி நிரல்மொழிப் பாடக் குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது இட்டரேட்டர்; அவற்றை வரிசையாக ஒன்றாக வைத்திருப்பது அரே. முன்னதிலிருந்து பின்னதை உண்டாக்கும் 'இட்டரேட்டர் டு அரே' என்ற செயற்கூறு பற்றிய பக்கம் மட்டும் பாக்கி. 'மறுசெய்கையை அணியாக மாற்றல்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மதுரையிலிருந்து:
ஐயா, மறுசெய்கை தொழிற்பெயர். இங்கே வேண்டியது செய்வதன் பெயர். உண்ணி, கொல்லி போல இகர விகுதி சேர்த்து 'மடக்கி' எனலாம். வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தந்தால் தண்டியலங்காரம் அதை மடக்கு என்கிறது. 'அணி' வேண்டாம், கணக்குப் பாடத்தில் அது மேட்ரிக்ஸ். நிரல்நிறையில் உள்ள 'நிரல்' அழகான சொல். அதை புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டோம்; கணக்கில் நெடுக்கு வரிசைக்கும் அதே பெயர்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் மேட்ரிக்ஸ் 'தாயம்'. ஆகவே அரேக்கு அணி என்பதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை.

மதுரையிலிருந்து:
தாயம் என்றால் பங்குரிமை. தாயாதி அதிலிருந்து வந்தது. மேட்ரிக்ஸுக்கு அது எப்படிப் பொருந்தும்?

கோவையிலிருந்து:
பெயரை விடுங்கள், எனக்கு உறுத்துவது 'மாற்றல்'. இட்டரேட்டர் எதுவாகவும் மாறுவதில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தருகிறது, அவற்றை நாம் நினைவகத்தில் சேர்க்கிறோம். மதிப்புகளை அவ்வப்போது உண்டாக்கித் தரும் இட்டரேட்டர் வகையான ஜெனரேட்டர் என்றால் ஒருமுறை ஓடி முடித்ததை மறுபடி ஓட்ட முடியாது, பிழை வரும். முடிவே இல்லாத ஜெனரேட்டரைக் கொடுத்தால் நினைவகம் தீரும்வரை ஓடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜெனரேட்டருக்குள் இன்னொன்றின் மதிப்புகளை அப்படியே எடுத்துத் தர, பிஎச்பி 7இல் வந்த 'யீல்ட் ஃப்ரம்' வழியாக இரண்டு அரேக்களைத் தொடுத்தால் இரண்டிலும் சாவி, அதாவது மதிப்பின் இடத்தைக் குறிக்கும் அடையாளம், 0, 1 என்றே வரும். பின்னது முன்னதை அழித்துவிடும். பாதி மதிப்புகள் சத்தமில்லாமல் போய்விடும். அந்தச் செயற்கூறுக்கு இரண்டாவது உள்ளீடாக 'ஃபால்ஸ்' கொடுத்து, பழைய சாவிகளை விடச் சொன்னால்தான் எல்லாம் தங்கும். மாற்றல் என்று படித்த மாணவருக்கு இது எதுவும் தோன்றாது. 'திரட்டல்' என்று போடுங்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் இதே வேலைக்குப் பெயர் 'கலெக்ட்'. புறத்திரட்டு தொகுத்த மொழிக்கு இந்தச் சொல் புதிதா?

திருச்சியிலிருந்து:
சரி, திரட்டலுக்கு மூவர் இசைவு. 'இட்டரேட்டரை அணியாகத் திரட்டல்' என்றே அனுப்புகிறேன். சாவி விஷயத்தைத் தனிப் பெட்டியாகச் சேர்க்கிறேன். மடக்கி என்றால் மாணவர்கள், கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் என்று எண்ணிவிடுவார்கள். பாடநூலில் அதற்கு மடக்கு என்றே இருக்கிறது.

மதுரையிலிருந்து:
திரட்டலை ஏற்கிறேன். இட்டரேட்டரை அப்படியே விடுவதை ஏற்கவில்லை. அடுத்த அலகில் ஜெனரேட்டர் வருகிறது, அதற்காவது 'ஆக்கி' என்று போடுங்கள்.